லேண்ட்லைனுக்கு வெளிநாட்டிலிருந்து மலிவாகப் பேச வழி உண்டா?

அம்மாவிடம் இருப்பது நம்பர் காட்டும் பழைய லேண்ட்லைன் மட்டும். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தும் தொட மறுக்கிறார், எனவே வாட்ஸ்அப் வேண்டாம்.

2025 மே மாதம் ஸ்கைப் நிறுத்தப்படும் வரை அதில்தான் கூப்பிட்டேன். அப்புறம் காலிங் கார்டு. இணைப்புக் கட்டணம் தனி, பத்து விநாடி பேசினாலும் முழு நிமிடக் கணக்கு, பேசாவிட்டாலும் பராமரிப்பு என்று இருப்பு கரைகிறது.

இப்போது ஒரு இணைய அழைப்புச் செயலி, ஆண்ட்ராய்டு 14 போனில். கட்டணம் பரவாயில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் வேறு எண் தெரிவதால், மோசடி அழைப்பு என்று அம்மா எடுப்பதில்லை. எடுத்தாலும் அவர் குரல் எனக்குக் கேட்பதில்லை. வைஃபை, மொபைல் டேட்டா, மறுநிறுவல் எதிலும் மாற்றமில்லை.

விநாடிக் கணக்கில் கட்டணம் வாங்கி, என் சொந்த எண்ணையே லேண்ட்லைனில் காட்டும் சேவை எதையாவது பயன்படுத்துகிறீர்களா?