மாட்டுக்கும் நாய்க்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல்: ஒரே ஊசி போதுமா?

மேட்டுக்காடு:
ராசிபுரம் பக்கத்துல இருந்து எழுதறேனுங்க. ஹெச்எஃப் கலப்பு மாடு, ரெண்டாம் ஈத்து. முந்தாநாள்ல இருந்து தீனி தொடல, அசை போடல, காய்ச்சல் 105-ல நிக்குது. தோளுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. காதுக்குள்ள, மடி இடுக்குல எல்லாம் உண்ணி. மூத்திரம் எப்பவும் போலத்தான் போகுது. அதே கொட்டாய்ல படுக்கற நாய்க்கும் காய்ச்சல், ஈறு வெளுத்துப் போச்சு, நேத்து ராத்திரி மூக்குல ரத்தம் வந்துச்சு. எங்கூர்ல ஊசி போடறவரு, "ரெண்டுக்கும் உண்ணிக் காய்ச்சல்தான், மாட்டுக்குப் போடற மஞ்ச மருந்துல மிச்சத்தை நாய்க்கும் போட்டுடலாம்"ங்கறாரு. இன்னும் எதுவும் போடலைங்க. போடலாமுங்களா?

பால்கார அக்கா:
போன வருசம் எங்க மாட்டுக்கு மூத்திரம் காப்பி கலர்ல போச்சு தம்பி. அந்த மஞ்ச ஊசியிலதான் எந்திரிச்சுது. யோசிக்காம போடுங்க.

சிலைடு பாட்டன்:
அக்கா, உங்க மாட்டுக்கு வந்தது பெபீசியா, உண்ணி கொண்டு வர்ற ரத்தக் கிருமி. ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மூத்திரத்துல இறங்கும், அதான் அந்தக் கலர். டிமினசின்ங்கற மஞ்ச மருந்து அதுக்குக் கேக்கும். தம்பி மாட்டுக்கு மூத்திரம் நல்லா இருக்கு, கட்டி வீங்கியிருக்கு. எனக்குத் தைலேரியா மேலதான் சந்தேகம், அதுவும் உண்ணி கொண்டு வர்ற இன்னொரு கிருமி. அதுக்கு இந்த மருந்து கேக்காது. புபர்வகோன்னு வேற மருந்து இருக்கு.

நாய்க்கு அந்த மிச்சத்தைப் போடவே போடாதப்பா. நாய்க்கு டிமினசின் அளவு கொஞ்சம் கூடினாலும் மூளை நரம்பைப் பாதிக்கும். மாட்டு ஊசியில மிச்சம் இருந்ததைக் கண்ணளவுல போட்டு, நாய் தள்ளாடிக்கிட்டே வந்ததைப் பாத்திருக்கேன்.

ஆய்வகத்துல சிலைடு பாத்தே ரிட்டயர் ஆனவன் சொல்றேன், ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுங்க. மருந்து உள்ள போயிட்டா கிருமி குறைஞ்சுடும், அப்புறம் சிலைடுல தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். காது நுனியில முடியை வழிச்சு, ஸ்பிரிட் காஞ்சதும் குத்தி, முதல் சொட்டையே கண்ணாடியில மெல்லிசா இழுக்கணும். காத்துல காய விடுங்க, ஆனா ஈ உக்காராம மூடி வைங்க. ஈ நக்கின சிலைடுல பாக்க ஒண்ணும் மிஞ்சாது! பாதி சிலைடு எங்களுக்கு அப்படித்தான் வரும். அப்புறம் மெத்தனால், ஜீம்சா சாயம். பெபீசியான்னா சிவப்பணுவுக்குள்ள பேரிக்காய் வடிவத்துல ஜோடியா நிக்கும். அனபிளாஸ்மான்னு இன்னொரு உண்ணிக் கிருமி, அது சிவப்பணு ஓரத்துல ஒரு புள்ளி, அவ்வளவுதான். சாயத்தூசியைப் பாத்து அனபிளாஸ்மான்னு எழுதினவங்க உண்டு.

தைலேரியாதான் பாடாய்ப்படுத்தும். குணமான மாட்டு ரத்தத்துலயும் அது கொஞ்சம் தங்கியிருக்கும், கிருமியோட மரபணுவைத் தேடற பிசிஆர் சோதனையில பாசிட்டிவ்னே வரும். அதனால சிவப்பணுவுல ஒண்ணு ரெண்டு தெரியுதேன்னு இப்போதைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம்னு சொல்லிட முடியாது. கட்டியில ஊசி குத்தி எடுத்த நீர்ல, வெள்ளணுவுக்குள்ள நீல உருண்டை தெரியணும். காக் உருண்டைம்போம். அது இருந்தா சந்தேகமே இல்ல.

உண்ணி நோயைக் கடத்தும்னு நிரூபிச்சதே மாட்டு ஆராய்ச்சிதான். அமெரிக்காவுல தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் காய்ச்சலை (அதுவும் மாட்டு பெபீசியாதான்) வச்சு 1893-ல எழுதினாங்க. ரொனால்ட் ராஸ் கொசு வயித்துல மலேரியாவைப் பாத்தது 1897-ல. மனுச டாக்டருங்க யாராச்சும் வந்தா இதைச் சொல்லாம அனுப்ப மாட்டேன்.

உங்களுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி பக்கந்தான். நாயை அங்க கொண்டு போங்க, மாட்டுக்கு 1962-ங்கற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு போன் அடிங்க.

நாய் டாக்டர்:
பாட்டன் சொன்னதோடு ஒன்று. நாய்க்கு மூக்கில் ரத்தம் என்றதும், உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியை நினைப்போம். ஆனால் எலி மருந்து தின்றிருந்தாலும் ரத்தம் வரும், அதையும் கேட்டுவிடுவோம். ரத்தம் உறையாத ஈடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து, ரத்தப்போக்கை நிறுத்தும் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். சிலைடில் எர்லிக்கியா அபூர்வமாகத்தான் கண்ணில் படும், தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. பத்து நிமிட கிட், கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டும். குணமாகிப் பல மாதம் ஆன பிறகும் கோடு விழும். நம்மூர் நாய்களில் பெபீசியா கிப்சோனியும் சேர்ந்தே இருக்கலாம், அதற்கு பிசிஆர் நல்லது. வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின், புரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். தட்டணு குறைந்த நாய்க்கு ரத்தப்போக்கு கூடும்.

மேட்டுக்காடு:
கட்டியில எடுத்ததுல நீல உருண்டை இருந்துச்சுங்க, தைலேரியாவேதான். புபர்வகோன் போட்டாங்க, இன்னைக்கு கொஞ்சம் பச்சை கடிக்குது. நாய்க்கு எர்லிக்கியா, தட்டணு 30 ஆயிரத்துக்கும் கீழ. டாக்சிசைக்ளின் 28 நாளைக்குக் கொடுத்திருக்காங்க. பாட்டா, கொட்டாய்ச் செவுத்துலயே உண்ணி ஊருதே, ரெண்டும் ஒரே உண்ணிங்களா?

சிலைடு பாட்டன்:
இல்லப்பா. தைலேரியாவைக் கொண்டு வர்றது ஹயலோமாங்கற உண்ணி, கால்ல பட்டை பட்டையா இருக்கும். நாய்க்குக் கொடுக்கறது பழுப்பு நாய் உண்ணி. ரெண்டும் செவுத்து விரிசல்ல ஒளியற ஜாதிதான். மாட்டு மேல மட்டும் மருந்து அடிச்சா செவுத்துல இருக்கறது திரும்ப ஏறிடும். விரிசலைச் சிமெண்ட் வச்சு அடை, கூளத்தைக் கூட்டி எரி, அப்புறம் செவுத்துக்கும் அடி. எந்த மருந்து, எவ்வளவு தண்ணிங்கறதை டாக்டர்கிட்டயே கேட்டுக்க. காயற வரைக்கும் கன்னு நக்காம பாத்துக்க. வீட்ல பூனை இருந்தா அந்தப் பக்கம் விடாத, உண்ணி மருந்து சிலது பூனைக்கு விஷம்.