புதுப்பிப்பு: பி.ஏ. பொருளாதாரம் முடிக்கப்போகும் தங்கைக்கு அடுத்து என்ன?

டெல்லியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கும் தங்கை உடனே வேலைக்குப் போகலாமா, எம்.ஏ. சேரலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எம்.ஏ.தான் என்று முடிவாகிவிட்டது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அவளுடைய முதல் ஆசை, அதற்கான முதுகலை நுழைவுத் தேர்வான சியூஇடி பி.ஜி.க்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உங்களில் ஒருவர் சொன்ன ஐஇஎஸ், அதாவது இந்தியப் பொருளாதாரப் பணி, அதுதான் அவள் மனதை மாற்றியது. யுபிஎஸ்சி நடத்தும் அந்தத் தேர்வுக்கு வெறும் பி.ஏ. போதாது, பொருளாதாரத்திலோ அதைச் சார்ந்த பாடத்திலோ முதுகலை வேண்டும். எழுத்துத் தேர்வின் 1000 மதிப்பெண்ணில் 800 பொருளாதாரத் தாள்களுக்கே என்பதால் எம்.ஏ.வில் படிப்பது அப்படியே கைகொடுக்கும், அப்புறம் நேர்முகத்துக்கு 200. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறையில் கிரேடு பி அதிகாரியாகவும் முதுகலை தேவை.

அம்மா மட்டும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தால் சென்னையிலேயே பாட்டி வீட்டில் இருக்கலாமே என்கிறார். சரி, அங்கேயும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. எகனாமெட்ரிக்ஸுக்கு, அதாவது பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடத்துக்கு, இப்போதே ஆர் (R) மென்பொருளைக் கற்றுக்கொள்வதா, ஸ்டேட்டா (Stata) மென்பொருளையா? பொருளாதாரம் படித்து வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.