ஸ்காட்டீஸ், அதாவது கனடா பெண்கள் கர்லிங் போட்டி பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

பனிக்காத்து, கால்கரி:
நானே ஆரம்பிக்கிறேன். கர்லிங்னா ஐஸ் மேல கல்லைச் சறுக்கி விட்டு வட்டத்துக்குள்ள நிறுத்துற விளையாட்டு. 2024 பிப்ரவரி, வின்ஸ்போர்ட் அரங்கம். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட எக்ஸ்ட்ரா டிக்கெட் இருந்துச்சு, வர்றியான்னாரு, சும்மாதானே இருக்கோம்னு போனேன். கனடா பெண்கள் கர்லிங் தேசிய சாம்பியன்ஷிப், 18 டீம், ஒரே நேரத்துல பக்கத்துப் பக்கத்துல நாலு மேட்ச் ஓடுது, எதைப் பார்க்கறதுன்னே புரியல. டீவில பார்த்தா என்னடா இது இவ்ளோ மெதுவா போகுதுன்னு தோணும், ஆனா நேர்ல அந்த சத்தம் இருக்கே! "ஹர்ரி! ஹார்ட்!"னு அந்தக் கோடில நின்னு ஸ்கிப் (டீம் கேப்டன்) தொண்டை கிழிய கத்துறாங்க, இங்க ரெண்டு பேரு மொத்த வெயிட்டையும் பிரஷ் மேல போட்டு, கல்லுக்கு முன்னாடி ஐஸைத் தேய்ச்சுக்கிட்டே ஓடுறாங்க, கல்லு கிட்டத்தட்ட 20 கிலோ, தேய்க்கத் தேய்க்க இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், வளையறதும் குறையும். ஃபைனலுக்கு நானே காசு போட்டு டிக்கெட் எடுத்தேன்னா பாத்துக்கோங்க. ரேச்சல் ஹோமன் ஒரு மேட்ச்கூட தோக்காம வந்து ஜெனிஃபர் ஜோன்ஸை 5-4ல ஜெயிச்சாங்க. ஜோன்ஸ் 6 தடவை சாம்பியன், இந்த சீசனோட பெண்கள் டீம்ல ஆடுறதை நிறுத்துறேன்னு முன்னாடியே சொல்லிட்டுதான் வந்தாங்க. என் பக்கத்து சீட் பாட்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டே கைதட்டுனாங்க.

தண்டர்பே தம்பி:
2025ல எங்க ஊருக்கே வந்துச்சு ப்ரோ, ஃபோர்ட் வில்லியம் கார்டன்ஸ்ல, 1951ல திறந்த பழைய அரங்கம். எனக்கு மேட்ச்சை விட முன்னாடி நடக்குற வேலைதான் புடிச்சுது. ஒருத்தர் முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி கையை இடமும் வலமுமா வீசி ஐஸ் மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே பின்பக்கமா நடக்குறாரு. அந்தத் துளியெல்லாம் அப்படியே உறைஞ்சு குட்டிக் குட்டி மேடா ஆகிடும், கல்லு அது மேலதான் ஓடும், ஐஸ் வழவழன்னு இருந்தா பாதியிலயே நின்னுடும். அப்புறம் ஓடுற கல்லுல பிரஷ் பட்டுட்டா பட்டவங்களே சொல்லிடணுமாம், கிரிக்கெட்ல எட்ஜ் வாங்கிட்டு அசையாம நிக்கிறதையே பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் நம்பவே முடியல. ஃபைனல் சப்புன்னு போச்சு, ஹோமன் 6-1, எதிர்ல கெர்ரி ஐனார்சன்.

ஸ்காபரோ மாமா:
நான் நேரில பார்க்கேல்ல தம்பியவை, ரீவியில பார்த்த கதைதான். 2005 ஃபைனல், செயின்ட் ஜோன்ஸ் எண்ட ஊரில. அப்ப நாங்கள் பேஸ்மென்ற்றில இருந்தனாங்கள். ஒன்ராறியோவுக்கு ஜென் ஹன்னா, நாங்களும் ஒன்ராறியோ எண்டபடியா அவவின்ர பக்கம். கடைசிக் கல்லு எதிர்ப்பக்கம் ஆடின ஜெனிஃபர் ஜோன்ஸின்ர. அது வட்டத்துக்கு வெளியில கிடந்த கல்லில பட்டுத் தெறிச்சு, உள்ள போய் ஹன்னாவின்ர கல்லைத் தூக்கி, ஒரேயடியா நாலு பொயின்ற், 8-6! வீட்டில ஒருதருக்கும் ஒரு விதியும் தெரியாது, அம்மா கூட கதிரையால எழும்பி நிண்டவ. ஹன்னாவை நினைச்சா இப்பவும் பாவமாத்தான் கிடக்கு.

பனிக்காத்து, கால்கரி:
மாமா அந்த ஷாட்டை யூடியூப்ல எத்தனை வாட்டி பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. சரி, விளையாடிப் பார்க்கணும்னா பக்கத்து கர்லிங் கிளப்புக்குப் போங்க, அழுக்கில்லாத ரப்பர் ஷூ போதும், ஷூக்கு அடியில மாட்டிச் சறுக்குற ஸ்லைடர் அவங்களே தருவாங்க. ஜெயிச்சவங்கதான் தோத்தவங்களுக்கு முதல் ரவுண்டு வாங்கித் தரணும்கிறது பழைய வழக்கம். எனக்கு இதுவரைக்கும் எல்லாம் ஓசிதான்.