வெருகல் பக்கம் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பது சரிவருமா?

மூதூர்ப் பிள்ளை:
வணக்கம். ஊர் மூதூர், வேலை திருகோணமலை டவுனில். கனடாவில் இருக்கிற சின்னம்மாவும் அவருடைய கூட்டாளிமாரும் கொஞ்சம் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வெருகல் பிரதேசத்தில் ஒரு கிராமத்துக்கு. அங்கே பாதிக்கு மேல் வேடர் பரம்பரைக் குடும்பங்கள். ஆண்கள் தேன் எடுக்கவும் களப்புக்கும் போவார்கள். பெண்களுக்கு விறகு, வயல் கூலி; சிலர் பன் என்கிற கோரைப் புல்லில் பாய் இழைக்கிறார்கள். ஆளுக்கொரு தையல் மெஷினும் ஒரு நாள் மருத்துவ முகாமும் என்று சின்னம்மா முடிவெடுத்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா ராத்தா:
நான் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், அதனால் சொல்கிறேன். கிண்ணியாவில் கடைத்தெரு பக்கத்தில் இருக்கிறது, பெருநாளுக்கு ஓடர் வரும். அந்தக் கிராமத்தில் பாடசாலைச் சீருடைத் துணி கொடுக்கிற காலத்தில் கொஞ்சம் வேலை வரும், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது?

பழைய மிட்வைஃப்:
தங்கச்சி, நான் கங்கைக்கு அந்தப் பக்கம் குடும்பநல மருத்துவ மாதுவாக இருந்து பென்ஷன் எடுத்தவள். முதலில் போய் ஒன்றை விசாரியுங்கள்: கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை வாங்குகிற கம்பனிக்காரர் எந்த நாளில் வருகிறார்?

சிரிக்காதீர்கள். கடன் கட்டும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக விழுந்தால் விடுபடுவது கிளினிக்தான். குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அந்த வெட்கத்துக்காகவே வீட்டில் காத்திருப்பார்கள். முதல் நாள் கூலிக்குப் போயாவது காசு தேடுவார்கள். கர்ப்பிணி என்றால் நாங்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம், திரிபோஷா சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம் என்பதால் அவர்களும் வருவார்கள். நாற்பது தாண்டியவளைத்தான் பிடிக்க முடியாது. அவர்களுக்கென்றே வெல் வுமன் கிளினிக் 1996இல் இருந்தே நடக்கிறது. பிரஷர், சீனி, மார்புப் பரிசோதனை, 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் சோதனை, எதற்கும் ஒரு சதம் கேட்பதில்லை. ஆனாலும் "எனக்கு ஒன்றுமில்லை மிஸ்ஸி" என்றுதான் சொல்வார்கள். ஒரு மிட்வைஃபுக்கு ஏறக்குறைய 3000 பேர். எத்தனை தரம்தான் கூப்பிட முடியும்?

ஒரு நாள் முகாம் எனக்குப் பிடிக்காது. அன்று பிரஷர் கூட என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த மாத மாத்திரை யார் கொடுப்பது? அந்தக் காசில் கிளினிக் நாளுக்கு ஒரு வான் பிடியுங்கள். எந்த நாள் என்பதை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸில் கேட்டு, கடன் நாளோடு மோதாமல் பாருங்கள்.

தொழில் என்றால் அவர்கள் கையில் ஏற்கெனவே பாய் இருக்கிறதே! மாரியில் பன் காயாது, கடலும் கொந்தளிக்கும், கூலியும் குறையும். அந்த மூன்று மாதத்தில்தான் இழைத்து வைத்த பாயை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளுகிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பதிவில் இருந்தால், சின்னம்மாவின் காசை அதன் வங்கிக் கணக்கில் போட்டு, சங்கமே கையில் காசு கொடுத்துப் பாயை வாங்கி அடுக்கட்டும். பிறகு விலை பார்த்து விற்கலாம். வைக்கிற இடம் மட்டும் மேடாக இருக்க வேண்டும், மகாவலி பெருகினால் வெருகலுக்குத்தான் முதலில் வரும்.

மூதூர்ப் பிள்ளை:
நன்றி அக்கா. அந்தக் காசிலேயே எல்லாருடைய கடனையும் அடைத்துவிட்டால் என்ன?

பழைய மிட்வைஃப்:
அடுத்த கிழமையே வேறு கம்பனி வந்து நிற்கும். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை ஒரு இலட்சம் வரை தள்ளுபடி செய்தது, திருகோணமலையும் அதில் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்குத்தான் அது. தோட்டை அடகு வைத்து, இன்னொரு கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டி வந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான். நீங்கள் அடைக்கப் போனாலும் ஊரில் அதே சண்டை வரும்.

கிண்ணியா ராத்தா:
அக்கா சொன்னதோடு இதையும் சேருங்கள். கோழி கேட்டால் கொடுங்கள், ஆனால் முதலில் அரச மிருக வைத்தியரிடம் ராணிக்கெட் என்கிற கோழி நோய்க்கான தடுப்பூசிக்குச் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கம் ஒரு நிறுவனம் ஊசி போடாமல் குஞ்சு கொடுத்துவிட்டுப் போனது, ஒரே கிழமையில் முழுவதும் செத்தது. ஆடு வேண்டாம். பெரும்போகத்தில் வயலுக்குள் போனால் பஞ்சாயத்துதான்.

மூதூர்ப் பிள்ளை:
ஞாயிறு அங்கே போகிறேன். சங்கத் தலைவியிடம் கடன் நாளைக் கேட்கிறேன். சின்னம்மாவுக்குப் படம் வேண்டுமாம். பாய் அடுக்கைப் படம் எடுத்து அனுப்பலாம்தானே?

பழைய மிட்வைஃப்:
அனுப்புங்கள். பெண்களை வரிசையில் நிறுத்தி மட்டும் எடுக்க வேண்டாம்.