44 வயதில் நீச்சல்: 25 மீட்டருக்குள் மூச்சு முட்டுகிறது

முழங்கால் வலிக்கு, ஓட்டத்தை விட்டுவிட்டு நீந்தச் சொன்னார் டாக்டர். மூன்று வாரம் ஆச்சு. மிதக்க வருகிறது, கை கால் போட வருகிறது, ஆனால் 25 மீட்டர் முடிப்பதற்குள் மூச்சு முட்டி ஓரக் கம்பியைப் பிடித்துவிடுகிறேன். தெம்பு இல்லையா, முறை தப்பா?

வேளச்சேரிவாசி:
முறைதான் சார். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருப்பீர்கள், அப்புறம் தலையைத் திருப்பிய அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்ப்பீர்கள், அதில் எதுவுமே முழுசாக நடக்காது. உள்ளேயே மூக்கு வழியாகக் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருங்கள், வெளியே வந்தால் இழுப்பது மட்டும். முதல் பத்து நிமிடம் ஆழமில்லாத பக்கம் நின்று இதை மட்டும் செய்யுங்கள்.

கிணற்றடி:
நான் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவன். அப்பா சொன்னது ஒன்றுதான், தண்ணீரை அடிக்காதே. அவசரப்பட்டு அடித்தால்தான் மூச்சு இளைக்கும். ஒரு நீளம், அரை நிமிட ஓய்வு, இப்படி எட்டு முறை போதும்.

தென்றல்:
முழங்கால் வலி என்றால் தவளை நீச்சல் இப்போதைக்கு வேண்டாம், அந்த உதை முழங்காலைத் திருகும். ஃப்ரீஸ்டைலில் (குப்புறப் படுத்துக் கைகளை மாறி மாறிப் போடும் நீச்சல்) இடுப்பிலிருந்து காலை அசையுங்கள். மார்பளவு தண்ணீரில் நடப்பதும் நல்ல பயிற்சிதான், உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். குளத்தில் வியர்ப்பது தெரியாது, தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள்.

கேட்டவர்:
குமிழி விட்டுப் பார்த்தேன், இன்று இரண்டு முறை நிற்காமல் அக்கரை போய்விட்டேன். ரொம்ப நன்றி!