பின் இடக்கதவு திறக்குது, பூட்டுதில்லை: லொக் மோட்டர் வேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாகன வயரிங் செய்யிற அண்ணைமார், தம்பிமார் ஒருக்காப் பாருங்கோ. ஜப்பான் கார். றிமோட்டில லொக் அடிச்சா மற்ற மூண்டு கதவும் பூட்டுது, பின் இடக்கதவு மட்டும் பூட்டாது. அன்லொக் ஒழுங்கா வேலை செய்யுது.

மலிவு புளூடூத் ஸ்கானர் எஞ்சின் பிழைக் கோட்டுகளைத் (code) தாண்டாது, அதை நம்பேலாது. பொடி மொடியூலுக்குள்ள (கதவு லொக்குகளை இயக்கிற கணினிப் பெட்டி) போற ஸ்கானரிலயும் கோட் இல்லை. அது புதினமில்லை: மோட்டர்கள் ஒரே லைனில சமாந்தரமா நிக்கேக்க ஒண்டு ஓடாட்டி மொடியூலுக்குத் தெரியவராது. ஸ்கானர் அந்தந்த நேரம் காட்டுற லைவ் டேற்றாவில, கதவு லொக் குமிழைக் கையால மாத்தினா லொக், அன்லொக் எண்டு மாறிக் காட்டுது. அப்ப, கதவு பூட்டியிருக்கோ எண்டு மொடியூலுக்குச் சொல்லுற பொசிசன் சுவிச் சரி.

மோட்டர் பிளக்கைக் கழட்டி ரெண்டு வயருக்கும் குறுக்கால 21 வாட் பல்ப் போட்டு, அக்டிவ் டெஸ்டில (ஸ்கானராலயே லொக்கை இயக்கிறது) அடிச்சுப் பாத்தது. (கரண்ட் ஒரு கணம்தான் வரும், டிஜிற்றல் மீற்றர் பிடிக்காது.) லொக்குக்கும் அன்லொக்குக்கும் ஒரே வெளிச்சம், அப்ப மோட்டர் வரை கரண்ட் ஒழுங்கா வருது. கதவு றப்பருக்குள்ள வயர் அறுந்திருந்தா அன்லொக்கும் நடவாது. அதே ரெண்டு வயரில முனை மாறித்தானே மோட்டர் திரும்புது.

லொக்கைக் கழட்டி பற்றறியில நேராக் குடுத்தா, பூட்டுற பக்கம் பாதி போய் உறுமிக்கொண்டு நிக்குது. கையால தள்ளினா லேசாப் போகுது. உள்ளுக்குப் பழைய கிறீஸும் செம்மண் புழுதியும் களியாப் பிடிச்சுக் கிடக்கு.

பிளாஸ்டிக் பல்லுச்சில்லு உடைஞ்சிருக்குமோ, மோட்டர் பிரஷ்ஷோ? மூடியைப் பிளந்து மோட்டரை மட்டும் மாத்தினா நிண்டு பிடிக்குமா? முழு லொக்தான் எண்டால், வவுனியாவில றீகண்டிசன் சாமான் என்ன விலை போகுது?