நான்கே வண்டிகள் வைத்திருந்த பேருந்து நிறுவனங்கள் 1972-க்குப் பிறகு எப்படித் தாக்குப்பிடித்தன?

கேள்வி: அறந்தாங்கி வாசகர்

என் தந்தையார் புதுக்கோட்டை மாவட்டத்தில் நான்கு வண்டிகள் மட்டும் வைத்திருந்த ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தில் நெடுங்காலம் கணக்கராக இருந்தார். உரிமையாளரின் குடும்பம் 1990-களின் இறுதியில் பர்மிட்டுகளை விற்றுவிட்டுத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. பணிமனையாக இருந்த தகரக் கொட்டகை மட்டும் இன்னும் நிற்கிறது. தந்தையார் பாதுகாத்து வைத்திருந்த சில கணக்குப் பேரேடுகள் அண்மையில் என் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு அந்நிறுவனத்தின் வரலாற்றை எழுத முயல்கிறேன்.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 1912-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து விட்டதிலிருந்துதான் எங்கள் பகுதியின் பேருந்துக் கதையை எல்லோரும் தொடங்குகிறார்கள். பிறகு நேராக 1972-க்குத் தாவி, அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது என்று முடித்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களே இல்லாமற்போன அந்த ஆண்டுகளுக்குப் பிறகும் நான்கு வண்டிக்காரர் ஒருவர் கால் நூற்றாண்டு தொழில் நடத்தியிருக்கிறார் என்றால், சட்டம் அவருக்கு எந்த இடத்தில் வழிவிட்டது? அன்றாட நிர்வாகம் எப்படி நடந்தது? பேரேட்டில் ‘இன்வாய்ஸ்’, ‘ஸ்பேர்’, ‘டி.பி.’ என்றெல்லாம் பத்திகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருச்சி

1972-இல் ‘எல்லாவற்றையும்’ அரசு எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972 ஜனவரி முதல் நாள் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன் ஆகிய கழகங்கள் உருவாயின. இவற்றில் பின்னைய மூன்றுக்கும் அடித்தளமாக அமைந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பெயரிலேயே ‘ஃப்ளீட் ஆபரேட்டர்ஸ்’ என்று உள்ளபடி, பெருந்தொகுதியாக வண்டிகள் வைத்திருந்தவர்களைக் குறிவைத்தது. மதுரையில் சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் போன்றவை அந்த வரிசையில் வந்தன. நான்கு வண்டிக்காரர் அந்த வரையறைக்குள் வரவே இல்லை.

அவருக்கு உண்மையான ஆபத்து 1973-இல்தான் வந்தது. அவ்வாண்டின் 12-ஆம் சட்டம் ஸ்டேஜ் கேரியேஜ் (ஆளுக்குத் தனிக் கட்டணம் வாங்கித் தடத்தில் ஓடுபவை), காண்டிராக்ட் கேரியேஜ் (மொத்த வாடகைக்கு ஓடுபவை) வண்டிகள் அனைத்தையும் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அபு கவூர் பாய் வழக்கில் 1983 இறுதியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தபோது வழக்கு தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. அதற்குள் சிறு உரிமையாளர்கள் ஊரூராக வேரூன்றியிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துச் சுமக்க அரசுக்கும் மனமில்லை, பணமுமில்லை என்பது என் கணிப்பு. பிறகு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, மாநிலத்தின் நாட்டுடைமைத் திட்டங்களுக்கும் சிறு உரிமையாளர்களின் பர்மிட்டுகளுக்கும் இடையே மறுபடியும் சிக்கல் எழுந்தபோது, 1992-ஆம் ஆண்டின் 41-ஆம் சட்டமாக ஒரு சிறப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசே இயற்றி அந்தப் பர்மிட்டுகளைக் காப்பாற்றியது. உங்கள் நிறுவனம் 1990-களில் விற்றது இந்தச் சட்டத்தின் நிழலில் பிழைத்திருந்த பர்மிட்டுகளாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒரு தடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் யாருக்குக் கொடுப்பது என்று சென்னை மாகாணத்தில் தீராத வழக்குகள் நடந்தன. அதற்காக 1956 ஏப்ரலில் 1298 என்ற எண்ணுள்ள அரசாணை ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. சிறு நிறுவனம் நிலைத்து நிற்கும் அளவுக்கு வளர வாய்ப்பு, சொந்தப் பணிமனை, தடத்தில் அலுவலகம் அல்லது இருப்பிடம், தொழில் அனுபவம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் உண்டு. நான்கு வண்டிக்கு ஒரு கொட்டகை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பழுது பார்ப்பதற்கு மட்டும் அது கட்டப்படவில்லை, பர்மிட் விசாரணையில் மதிப்பெண் வாங்கவும் அது வேண்டியிருந்தது. அந்த அரசாணையை 1964-இல், ராஜகோபால நாயுடு வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றத் தன்மையுள்ள முடிவை எப்படி எடுப்பது என்று ஓர் அதிகார அமைப்புக்கு அரசு கட்டளையிட முடியாது என்பது காரணம். ஆனால் அதற்குள் கட்டப்பட்ட கொட்டகைகள் நின்றுவிட்டன.

பதில்: முன்னாள் செக்கிங், தஞ்சை

சட்டத்தை வழக்கறிஞர் ஐயா விளக்கிவிட்டார். நான் ரோட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு சிறு நிறுவனத்தில் நடத்துநராகச் சேர்ந்து செக்கிங்காக, அதாவது டிக்கெட் பரிசோதகராக, ஓய்வு பெற்றவன் நான்.

இந்தத் தொழிலில் வண்டியைவிட விலை மதிப்புள்ளது பர்மிட், பர்மிட்டைவிட மதிப்புள்ளது அதில் எழுதியிருக்கும் ‘டைம்’. கிராமத்தில் இரவு ஹால்ட் ஆகி விடியற்காலையில் முதல் வண்டியாகப் புறப்படுவதும், இரவில் டவுனிலிருந்து கடைசி வண்டியாகக் கிளம்புவதும்தான் நல்ல டைம்கள். முதல் நடையில் பால் கேனும் பூக்கூடையும் காய்கறி மூட்டையும் ஏறும், அடுத்த நடையில் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் ஏறுவார்கள். மத்தியான நடை டீசலுக்குக் கட்டினால் பெரிய விஷயம். நமக்கு முன்னால் ஓடும் வண்டிக்கும் நமக்கும் எத்தனை நிமிட இடைவெளி என்பதில்தான் முதலாளியின் வருமானம் இருந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டைம் நிர்ணயிக்கும் கூட்டம் நடக்கும் நாளில் எல்லா உரிமையாளர்களும் வக்கீலோடு வந்து மூன்று நிமிடத்துக்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவரை எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள். ஒரு வண்டி தன் நேரத்தைத் தாண்டி நின்று பின்வண்டியின் ஆட்களை ஏற்றினால் அவர் குறித்துவைப்பார், பஞ்சாயத்து சாயங்காலம் நடக்கும்.

உங்கள் பேரேட்டுக்கு வருகிறேன். ‘இன்வாய்ஸ்’ என்பது நடத்துநருக்குக் காலையில் கொடுக்கும் டிக்கெட் கட்டுகளின் கணக்கு. மெஷின் வருவதற்கு முன்பு ஒவ்வொரு கட்டண மதிப்புக்கும் தனி நிறத்தில் வரிசை எண் அச்சிட்ட கட்டு இருக்கும். ஒவ்வொரு நடை தொடங்கும்போதும் கட்டின் மேல் இருக்கும் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். நடை முடிவில் நிற்கும் எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் விற்ற டிக்கெட் எத்தனை என்று தெரிந்துவிடும். அதை மதிப்பால் பெருக்கி, எல்லா நிறத்தையும் கூட்டினால் கட்ட வேண்டிய தொகை. குறைந்தால் நடத்துநர் கணக்கில் பற்று. நான் செக்கிங்குக்கு ஏறினால் முதலில் அந்தத் தாளை வாங்கி, அப்போதைய எண்களைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகுதான் தலைகளை எண்ணுவேன். எண்ணிவிட்டுத் தாளை வாங்கினால் அதற்குள் டிக்கெட் கிழிந்திருக்கும்.

‘டி.பி.’ என்பது டெம்பரரி பர்மிட். திருவிழா, சந்தை போன்ற விசேஷங்களுக்குத் தற்காலிக அனுமதி தர 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருந்தது. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் பகுதி வண்டிகள் அப்படித்தான் ஓடின. உங்கள் பேரேட்டில் பங்குனி மாதத்தில் அந்தப் பத்தி நிறைந்தும், கல்யாணம் காட்சி இல்லாத ஆடியில் மொத்த வசூலே படுத்தும் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

சம்பளத்தைவிட வசூலின் பேரில் கிடைக்கும் பேட்டாதான் ஓட்டுநர், நடத்துநரின் வீட்டை நடத்தியது. வேகமாக ஓட்டியதற்கும், கூட்டம் அதிகம் ஏற்றியதற்கும் அதுவே காரணம் என்பதை நான் மறைக்க மாட்டேன். எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. விடியலில் ஏறி இரவு இறங்குவதும் மறுநாள் ஓய்வு எடுப்பதும்தான் நாங்கள் கண்ட நடைமுறை. ஊழியர்களே அதை விரும்பினார்கள் என்பதும் உண்மை, ஏனென்றால் ஓய்வு நாளில் வயலைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வியாளர்: அறந்தாங்கி வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. பங்குனி மாதப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், ‘டி.பி.’ பத்தி நீங்கள் சொன்னபடியே நிறைந்திருக்கிறது. ‘ஸ்பேர்’ என்பது உதிரி பாகச் செலவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சில நாட்களில் அந்தப் பத்தியில் ஒரு வண்டி எண்ணும் வசூலும் எழுதப்பட்டிருக்கின்றன. மேலும், மாதந்தோறும் ஒரு பெரிய தொகை ‘எச்.பி.’ என்று கழிக்கப்பட்டிருக்கிறது.

பதில்: பேருந்து பாடி கட்டுபவர், கரூர்

ஸ்பேர் என்பது மாற்று வண்டி. தடத்தில் ஓடும் வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நின்றாலோ, இன்ஜின் இறக்கினாலோ நடையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த நேரத்துக்குப் பின்வண்டிக்காரர் பழகிவிடுவார், பயணியும் பழகிவிடுவார். அதனால் வழக்கமான வண்டிகளோடு ஒரு பழைய வண்டியையும் வைத்திருப்பார்கள். ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு முன் பட்டறைக்கு வந்து தட்டி, பெயின்ட் அடித்து, சீட்டுக்கு உறை மாற்றிப் போகிற வண்டிகள்தான் எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு நிலையான வேலை. முன் சக்கரத்தில் புது டயர், பின்னால் ரீட்ரெட் (தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டிய) டயர் என்பதும் அன்றைக்குப் பலரும் கைக்கொண்ட சிக்கனம்.

எச்.பி. என்பது தவணைக் கடன். சேஸிஸை (இன்ஜினோடு கூடிய அடிச்சட்டத்தை) அப்படித்தான் வாங்குவார்கள், பாடி கட்டுகிற செலவு தனி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டி.வி.எஸ். குடும்பத்தினர் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், வணிக வாகனக் கடனில் தமிழ்நாட்டின் பெரிய பெயர். அந்தக் குடும்பத்தின் பேருந்துகள் அரசுக்குப் போயின, ஆனால் மற்றவர்களின் பேருந்துக்குக் கடன் கொடுக்கும் தொழில் அவர்களிடமே தங்கிவிட்டது.

பதில்: சிறு உரிமையாளர், நாமக்கல்

பழைய பேரேட்டைப் படிக்கும்போது உரிமையாளர்கள் கொழித்தார்கள் என்ற எண்ணம் வரக்கூடும் என்பதால் இன்றைய நிலையையும் சேர்க்கிறேன். கட்டணத்தை நாங்கள் நிர்ணயிப்பதில்லை, அரசாணைதான் நிர்ணயிக்கிறது. புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 28 காசு என்பது 2011 நவம்பரில் 42 காசானது. 2018 ஜனவரியில் 60 காசாக உயர்த்தி, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே 58 காசாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் நாற்பது கிலோமீட்டர் பயணத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 23 ரூபாய். டீசல், டயர், இன்சூரன்ஸ், இருக்கைக் கணக்கில் காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் வரி எதுவும் அந்த அரசாணைக்குக் காத்திருப்பதில்லை.

2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுப் பெண்களும் அதில்தான் போகிறார்கள். ஆனால் அதே தடத்தில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் யார் காசு கொடுத்து ஏறுவார்கள்? அரசுக் கழகத்துக்கு இழப்பை அரசு ஈடுகட்டுகிறது, எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இருசக்கர வாகனம் வீட்டுக்கு வீடு வந்தபோதே மத்தியான நடை செத்துவிட்டது. இப்போது காலை நடையும் மெலிந்துகொண்டிருக்கிறது.

1997-இல் வந்த மினிபஸ் திட்டமும் சிறு உரிமையாளருக்காக என்றுதான் சொல்லப்பட்டது. தடத்தின் மொத்த நீளம் 20 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் வேறு பேருந்தே ஓடாத சாலையாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. பேருந்து ஓடாத சாலையில் ஆள் குறைவாகத்தானே இருக்கும்? டவுனுக்குள் நுழையும் நான்கு கிலோமீட்டர்தான் வசூல். அந்த நான்கு போதாமல்தான் மினிபஸ் பர்மிட் வாங்கிய பலர் ஓட்டத்தை நிறுத்தினார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருச்சி

வாசகருக்கு ஒரு யோசனை. பேரேட்டில் கிடைக்காத ஆண்டுகளுக்கு, நீதிமன்றத் தீர்ப்புகள் அச்சான சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் பாருங்கள். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பர்மிட் விண்ணப்பத்தையும் வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். ஆட்சேபித்தவர் தோற்றால் மேல்முறையீடு, அதிலும் தோற்றால் உயர் நீதிமன்றம் என்று போவது அன்றைய வழக்கம். ஆகவே 1950-களிலும் 60-களிலும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில், வேறெங்கும் பதிவாகாத சின்னஞ்சிறு நிறுவனங்களின் பெயரும் தடமும், எத்தனை வண்டி, எங்கே பணிமனை என்ற விவரமும் கிடைக்கும். 1956-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட தீர்ப்புகளில் மதிப்பெண் பட்டியலே இருக்கும். உங்கள் கொட்டகைக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பதுகூட அதில் அகப்படலாம். நிறுவனத்தின் பெயரோடு, தடத்தின் இரு முனை ஊர்களின் பெயரையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சமஸ்தான ஆவணங்களைத் தனியே தேட வேண்டியிருக்கும்.